ஆம்பூரின் ஒரே விருந்தாளி

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்குப் பொள்ளாச்சியில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் அடுப்பு எரியாது. என் வீட்டுக்காரர் தண்டபாணி சமையல் காண்ட்ராக்டர். வேலை இல்லாமல் ஒரு நாள் கூட அவரால் சும்மா உட்கார முடியாது. காலையிலிருந்து வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சாமான்களை எல்லாம் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார். மிக்சியில் ஆரம்பித்திருக்கிறார்.

எனக்கோ ஆடிதான் முகூர்த்த மாதம். 'பந்தி' மென்பொருளின் 2.4 வரிசையைப் பராமரிப்பவள் நான். இத்தனை பேருக்கு இன்ன சமையல் என்று சொன்னால் போதும், அரிசி, பருப்பு, புளி முதல் இலை வரை கணக்குப் போட்டு, கடைக்காரர்களுக்குச் செய்தியாகவும் அனுப்பிவிடும். கட்டற்ற மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்புவதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா? பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியது போக மிச்ச நேரத்தில் 2.4-க்கு அந்த ஆள் நான்தான்.

புதிதாக எழுதுவது எல்லாம் முதன்மைக் கிளைக்குப் போகும். அது தஞ்சாவூர் நாவரசு சாரின் பொறுப்பு. பந்தியைத் தொடங்கியவரே அவர்தான். அங்கே சேர்வது எல்லாம் ஒருநாள் 3.0 ஆக வரும். என்னுடையது பராமரிப்புக் கிளை. ஏற்கெனவே வெளியிட்டதில் இருக்கும் பிழைகளை மட்டும் திருத்துவேன். புது வசதி ஒரு துளி உள்ளே வராது. நாளைக்கு ஆயிரம் இலை போடப் போகிறவர் இன்றைக்குத் திரையைத் திறந்து, நேற்று இல்லாத பொத்தானைப் பார்த்து விழிக்கக் கூடாது. அவ்வளவுதான் என் சட்டம். இதற்காக என் முதுகுக்குப் பின்னால் என்னை 'வேண்டாம் அக்கா' என்கிறார்கள் என்று தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆடியில் வெளியிடுவதும் எங்கள் வழக்கம்தான். யாருக்கும் கல்யாணம் இல்லாத மாதம். ஏதாவது உடைந்தாலும் ஆவணிக்குள் ஒட்டிவிடலாம்.

நாவரசு சாரிடமிருந்து மடல் வந்திருந்தது. 3.0 வந்ததும் 2.4-ஐ மூடிவிடலாமாம். சரி. மதியத்துக்குச் சின்ன வெங்காயக் குழம்பு.

ஜூலை 19, ஞாயிறு

சின்ன வெங்காயச் சட்னி.

ஜூலை 20, திங்கள்

தினமும் வெங்காயம் ஏன் என்று எழுதி வைத்துவிடுகிறேன். ஆனி கடைசி முகூர்த்தத்துக்குத் தண்டபாணி பந்தியில் சின்ன வெங்காயம் நாற்பது கிலோ என்று அடிக்கப் போய், பூஜ்யம் ஒன்று கூட விழுந்து நானூறு ஆகிவிட்டது. செய்தி நேராக மண்டிக்குப் போனது. மண்டிக்காரர் ஒரு டெம்போவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். விற்றது போக, சொந்தக்காரர்களுக்குத் தள்ளிவிட்டது போக, இன்னும் மாடி முழுக்க வெங்காயம்.

"ஏனுங்க, அடிச்சதுக்கப்புறம் ஒருக்காப் பாக்கமாட்டீங்களா?" என்றேன்.

"ஏம்புள்ள, ஒரு கல்யாணத்துக்கு நானூறு கிலோ வெங்காயம் ஆவுமான்னு அந்தப் பொட்டிக்குத் தெரிய வேண்டாமா? பாலிடெக்னிக்ல இதத்தான் சொல்லிக் குடுக்கறயா?" என்று என் மேலேயே திருப்பிவிட்டார்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 22, புதன்

முனவ்வர் கூப்பிட்டான். ஆம்பூர்க்காரன். தோல் கம்பெனி ஒன்றில் கணினி வேலை. நேரில் பார்த்ததில்லை, ஆனால் எங்கள் கூட்டத்தில் அவனளவு வேகமாகவும் சுத்தமாகவும் நிரல் எழுதுகிறவன் வேறு யாரும் இல்லை. அவனுடைய கலீல் மாமு அந்தப் பக்கத்தில் பேர் போன பிரியாணி மாஸ்டர். அங்குள்ள சமையல்காரர்கள் எல்லோரும் இவன் சொல்லித்தான் 2.4-ஐப் போட்டிருக்கிறார்கள்.

"அக்கா, எங்க ஊர்ல எத்தினி பேருன்னு கேக்கமாட்டாங்க. எத்தினி தேக்சான்னுதான் கேப்பாங்க. தேக்சான்னா பிரியாணி அண்டாக்கா. பந்தியில தேக்சா கணக்கு வேணும்கா. எழுதி வச்சிட்டேன். 2.4-ல சேத்துக்கறீங்களா?"

"அது புது வசதிப்பா. நாவரசு சாருக்கு அனுப்பு. 3.0-ல வரட்டும்."

"ஆளுக்கு இத்தினி கிராம்னு பிரிச்சா எங்களுக்கு ஆவாதுக்கா. இருபத்தஞ்சு கிலோ தேக்சான்னா இருபத்தஞ்சு கிலோ போட்டாதான் தம்மு சரியா விழும். அது இல்லாததே பிழைதானக்கா?"

"இல்லாதது பிழை கிடையாது முனவ்வர். இருக்கறது தப்பா இருந்தாத்தான் பிழை."

"3.0 எப்பக்கா வரும்?"

"தை மாசம்னு சொல்றாரு."

"எந்தத் தைக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருந்தது.

ஜூலை 25, சனி

அளவுக்கு மீறிய எண் விழுந்தால் பந்தியே அதைக் குறைத்துவிடும்படி ஒரு திருத்தம் எழுதினேன். அரிசி என்றால் ஆளுக்கு அரைக் கிலோ, கறி என்றால் அரைக் கிலோ, வெங்காயம் என்றால் இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேல் எல்லை. தாண்டினால் நிரல் அதை எல்லைக்குள் இழுத்துவிட்டு, மூலையில் சின்னதாக ஒரு குறிப்புக் காட்டும். 'மூக்கணாங்கயிறு' என்று பெயர் வைத்தேன். நல்ல பெயர்.

எண் தப்பாக அடிப்பது தண்டபாணி மட்டும் இல்லை என்பதற்குச் சாட்சியும் கிடைத்தது. பயன்படுத்துகிறவர்கள் சோதனைக்கென்று அனுப்பிவைத்த பழைய கணக்குகளைப் புரட்டினேன். ஆம்பூரிலிருந்து ஒன்று: ஆட்கள் ஒன்று, அரிசி இருபத்தைந்து கிலோ, கறி இருபத்தைந்து கிலோ. ஒரே விருந்தாளி! அவரைச் சாப்பிடக் கூப்பிட்டவன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். தண்டபாணியிடம் காட்டினேன், அவரும் சிரித்தார். வெங்காயச் சண்டை இத்தோடு முடிந்தது.

இது புது வசதி ஆகாதா என்று யாராவது கேட்கலாம். ஆகாது. பிழை வராமல் தடுப்பதும் பிழைத்திருத்தம்தான். இதைப் போய் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

ஜூலை 28, செவ்வாய்

மூக்கணாங்கயிற்றை எல்லோரும் பார்க்கப் போட்டிருந்தேன். நாவரசு சார் 'பார்த்தேன், நன்று' என்று எழுதியிருக்கிறார். அவர் பார்க்காமலேயே நன்று சொல்லக்கூடியவர். முனவ்வர் மட்டும் ஒரு வரி: 'இது பிழைத்திருத்தமா அக்கா?' 'ஆமாம்' என்று பதில் போட்டேன்.

தேக்சா கொடுக்காத கோபம். சின்னப் பையன்தானே.

ஆகஸ்ட் 3, திங்கள்

பதினெட்டாம் பெருக்கு. ஊர் முழுக்க ஆழியாறுக்குப் போய்விட்டது. நாங்கள் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் கட்டிக்கொண்டு போனோம். வெங்காயம் இல்லாத ஒரு நாள். தண்டபாணி தண்ணீரில் இறங்கியவர் ஏறவே மனமில்லாமல் நின்றார். நான் கரையில் உட்கார்ந்து 2.4.9-இன் வெளியீட்டுக் குறிப்பை எழுதி முடித்தேன்.

ஆகஸ்ட் 5, புதன்

2.4.9 வெளியானது. எல்லோர் கணினியிலும் தானாகவே இறங்கிக்கொள்ளும். கல்யாணம் இல்லாத மாதம், பயமில்லை.

மனசுக்குத் திருப்தியாக இருக்கிறது. என் கிளையில் ஒரு குப்பை கிடையாது.

ஆகஸ்ட் 8, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது முனவ்வர் கூப்பிட்டான். குரலில் அக்காவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நாளைக்கு மாமுக்கு ஒரு நிக்கா வேலை. ஆயிரத்தி ஐநூறு பேர். ஏழு தேக்சா. பந்தியில போட்டாரு. கறிக்கடைக்கு நூத்தி எழுபத்தஞ்சு கிலோ போவணும். மூணரை கிலோன்னு போயிருக்குது."

"ஆடி மாசத்துல கல்யாணமா?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து வந்தபின்தான் உறைத்தது.

"எங்களுக்கு ஏது ஆடி?" என்றான்.

அப்புறம்தான் முழுசும் விளங்கியது. பந்தியில் தேக்சாவுக்கு இடமில்லை. ஆகவே ஆம்பூரில் எல்லோரும் ஒரு தேக்சாவை ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு ஆள், இருபத்தைந்து கிலோ அரிசி. ஏழு தேக்சா வேண்டுமா, ஆட்கள் ஏழு. எத்தனையோ வருஷமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது, ஒரு குறையும் இல்லாமல். என் மூக்கணாங்கயிறு அந்த ஏழு பேரையும் பிடித்து ஆளுக்கு அரைக் கிலோவில் நிறுத்திவிட்டது. மூலையில் காட்டிய குறிப்பை யார் படித்தார்கள்? அந்தக் கணக்கைப் பார்த்து நான்தான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

மாமுவின் எண்ணைக் கேட்டு வாங்கி நானே கூப்பிட்டேன்.

"யாரு, பொள்ளாச்சி மேடமா? கறிக்கடைக்காரன் மூணரைக் கிலோவப் பாத்துட்டு, நம்ம வேலை நின்னுபூடுச்சின்னு ஆட்ட வேற ஊட்டுக்கு ஒப்புத்துக்கினான்மா. பொண்ணு ஊட்டுக்காரங்க கிட்ட நான் இன்னா சொல்றது?"

"தப்பு என்னுதுங்க. முனவ்வர் மேல ஒண்ணும் இல்லீங்க."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கலம்மா. எனக்குக் கறி வேணும்."

அவர் பேரணாம்பட்டில் இரண்டு கடைகளைப் பிடித்துவிட்டார். ஆனால் அரிசி மண்டி, மசாலாக் கடை, விறகுக் கடை எல்லாவற்றுக்கும் தப்பான அளவுதான் போயிருந்தது. நான் பழைய 2.4.8-ஐத் திறந்து, அவர் சொல்லச் சொல்ல அடித்து, ஒவ்வொரு கடைக்கும் புதிதாகப் பட்டியல் அனுப்பினேன். 2.4.9-ஐ உடனே திரும்பப் பெற்றேன். நடுவில் தண்டபாணி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏனுங்க மாஸ்டர், நானும் சமையக்காரன்தானுங்க. அந்தப் பட்டியல ஒருக்காப் படிச்சுக் காட்டுறனுங்க, சரியான்னு சொல்லுங்க." பட்டியல் முடிந்தும் இருவரும் வைக்கவில்லை. எந்த விறகு நின்று எரியும் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மதியம் முனவ்வரிடமிருந்து செய்தி. 'விருந்து முடிந்தது. எல்லோருக்கும் கறி வந்தது.' அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

அதற்கு மேல் இன்றைக்கு வந்தது, மடற்குழுவில், எல்லோரும் படிக்க. ஆம்பூர், வாணியம்பாடி சமையல்காரர்கள் பேசியிருக்கிறார்களாம். பந்தியிலிருந்து பிரிந்து, 2.4.8-இலிருந்து தனியாக ஒன்றை எடுத்து, தேக்சாவோடு தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்று யோசிக்கிறார்களாம். முனவ்வர்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்களாம். 'ஆவணி முதல் தேதிக்குள் முடிவு சொல்கிறேன்' என்று எழுதியிருக்கிறான்.

கடைசிப் பத்தி எனக்கு. 'அக்கா, 2.4.9-இல் நீங்கள் சேர்த்தது பிழைத்திருத்தம் இல்லை. நிரல் அதுவரை செய்யாத ஒரு வேலையைப் புதிதாகச் செய்தது. அது புது வசதி. என்னுடையதை வேண்டாம் என்றீர்கள். உங்களுடையதைச் சேர்த்துக்கொண்டீர்கள்.'

இப்படி எல்லோர் முன்னாலும் எழுதுவதா? தனியாக ஒரு போன் பண்ணியிருக்கலாம். எத்தனை வருஷமாக இந்தக் கிளைக்கு உழைத்திருக்கிறேன்! போகிறவன் போகட்டும். யாருக்கும் இங்கே கட்டாயம் இல்லை.

வெங்காயம் முளைவிட ஆரம்பித்துவிட்டது. கோபத்தில் ஒரு கூடை உரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

2.4.8-ஐயும் 2.4.9-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறு யாரோ அனுப்பியது போல் நினைத்துக்கொண்டு படித்தேன். முனவ்வர் அனுப்பியிருந்தால் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அவன் சொன்னது சரி. வெட்கமாக இருக்கிறது. என் வீட்டு மாடியில் வெங்காயம் கிடந்ததால் அது எனக்குப் பிழையாகத் தெரிந்தது. தேக்சா என் வீட்டில் இல்லாததால் புது வசதியாகத் தெரிந்தது.

தண்டபாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தப் பையன் போயிருவானா?" என்றார்.

"போனா என்ன? எப்படியும் தையில 2.4-ஐ மூடிருவாங்க. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?" என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"அட, அதுக்குத்தான் ஒண்ணையும் உள்ள விடாம காவல் காத்தயா?" என்றார். அப்படி இல்லை என்று சொன்னேன். பாதி அப்படித்தான்.

ஆகஸ்ட் 12, புதன்

மடற்குழுவுக்கு எழுதிவிட்டேன். மூன்று தடவை அடித்து எழுதிய மடலின் சுருக்கம்: 2.4.9-இல் நான் சேர்த்தது புது வசதிதான். 2.4.10 இன்று வெளியாகிறது. அதில் மூக்கணாங்கயிறு இல்லை, ஆம்பூர்க் கணக்கு பழையபடி ஓடும். 2.4 இனி இப்படியே இருக்கும், பிழைகள் மட்டும் திருத்தப்படும். அதிலிருந்து 2.5 என்று ஒரு புதுக் கிளை பிரிக்கிறேன். 3.0-க்காக யாரும் காத்திருக்க வேண்டாம். அதில் ஒரே ஒரு புது வசதி: தேக்சா. மூக்கணாங்கயிற்றை நானும் மற்றவர்களைப் போல முதன்மைக் கிளைக்கு அனுப்பிக் காத்திருக்கிறேன். 2.5-ஐ முனவ்வர் பார்த்துக்கொள்ளட்டும்.

நாவரசு சார் உடனே கூப்பிட்டார். "அம்மா, நல்ல யோசனை. ஆனா இதுக்கப்புறம் நீங்க?" என்றார்.

"எனக்குப் பொழுது போறதுக்கு மாடியில வெங்காயம் இருக்குதுங்க சார்" என்றேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

முனவ்வரிடமிருந்து பதில் இல்லை.

ஆகஸ்ட் 15, சனி

கல்லூரியில் கொடியேற்றம். மிட்டாய். வந்து, மடற்குழுவில் ஒரு கேள்வி போட்டேன்: உங்கள் ஊரில் கல்யாணமே இல்லாத மாதம் எது? பதில்கள் கொட்டின. நாகர்கோவிலில் லெந்து என்னும் தவக்காலத்தில் இல்லை. வாணியம்பாடியில் நோன்பு மாதத்தில் இல்லை. இங்கே ஆடியும் மார்கழியும். மலேசியாவிலிருந்து ஒருவர், பள்ளி விடுமுறை விட்டாலே மண்டபம் கிடைக்காது, மற்ற மாதம் எல்லாம் சும்மாதான் என்றார். எல்லோரும் ஓய்வாக இருக்கும் மாதம் என்று ஒன்று எந்தக் காலண்டரிலும் இல்லை. ஆகவே 2.5 யார் கணினியிலும் தானாக இறங்காது. அவரவர் வேலை இல்லாத நாள் பார்த்து அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதியபோது பல நாள் கழித்துக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

கேள்விக்கு ஆம்பூரிலிருந்து மட்டும் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

ஆவணி ஒன்று. தண்டபாணிக்கு விடிவதற்கு முன்பே மண்டபத்தில் வேலை. வீடு அமைதியாக இருந்தது. அவர் ரிப்பேர் செய்த மிக்சி ஓடவில்லை, அம்மியில் அரைத்தேன். நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தேன் என்று எழுதினால் குறைத்து எழுதியதாகும்.

பத்து மணிக்கு முனவ்வர் கூப்பிட்டான்.

"அக்கா, தனியா போவுல."

அடுப்பை அணைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா? இருக்கீங்களா? ஆனா 2.5-அ நான் பாத்துக்கமாட்டேன். நீங்கதான் பாக்கணும்."

"ஏம்ப்பா? நான்தான் கெடுத்தேன். உன்னோட தேக்சா அது."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். மாமு கிட்ட போயி, தனியா போயிட்டா நம்ம இஷ்டத்துக்கு எல்லாம் சேத்துக்கலாம் மாமுன்னேன். 'டேய், உன் கையில மசாலா டப்பாவ குடுத்தா எல்லாத்தயும் கொட்டுவடா. வேணாம்னு சொல்ல உனக்கு யார் இருக்கா?'ன்னு கேட்டாரு. 'அந்தம்மா தப்பு பண்ணிச்சி, அன்னிக்கே போன் பண்ணி தப்புன்னு சொல்லிச்சி, கூடவே உக்காந்து எல்லாக் கடைக்கும் பட்டியல் அனுப்பிச்சி. அத வுட்டுட்டு நீ எங்க போற?'ன்னாரு."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் என்னையே பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

"ஒப்புத்துக்கறீங்களாக்கா?"

"சரி" என்றேன். "ஆனா என்னோட திருத்தத்தை இனிமேல் நீதான் பாக்கணும். நீ சரின்னு சொல்லாம ஒரு வரி உள்ள போகக் கூடாது."

"அதெல்லாம் கிழிச்சி தொங்க வுட்டுருவேன்" என்று சிரித்தான். "அக்கா, இன்னொண்ணு. 2.5.1-க்கு அஞ்சு புது வசதி ரெடியா வச்சிருக்கேன். ஒண்ணொண்ணும் சூப்பரா இருக்கும். சொல்லட்டுமா?"

சொல்லச் சொன்னேன். பாதாம் பால் கணக்கு முதல் ஐஸ்கிரீம் கணக்கு வரை ஒன்று விடாமல் விளக்கினான். உண்மையைச் சொன்னால் ஐந்துமே நன்றாகத்தான் இருந்தன.

"அஞ்சும் வேண்டாம்" என்றேன்.

"சரிக்கா" என்றான்.